டப்பா இல்லாம இன்னா வெல?

கும்மிடிப்பூண்டி பஜாரில் பட்டப்பகலில் ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, யாராவது கடையடைப்பு அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நைனா வந்துகொண்டிருக்க வேண்டும். கடையடைப்பாவது சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்துவிடும்.

நைனாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளப் பட்டியலில்கூட இருந்திருக்கும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்துக்காரர் என்பதால் எதிரில் வருகிற எல்லோரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். லாரி டிரைவர் நைனா, ஜெனரல் மேனேஜர் நைனா, கேட்டில் படுத்திருக்கும் நாயும் நைனா. பதிலுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரையே நைனா ஆக்கிவிட்டோம்.

இரண்டாயிரத்துகளின் ஆரம்பம் அது. சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பித் தொழிற்சாலை. டிப்ளமா முடித்த கையோடு காண்ட்ராக்டில் சேர்ந்து, உருக்குவதற்காக வரும் பழைய இரும்புக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன் நான். நைனா எடைமேடையில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். பேனா இருக்காது. பேனா என்னிடம் வாங்கிக்கொள்வார்.

நைனாவுக்கு ஒரே ஒரு வியாதி. சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சாமான்களை மலிவாக வாங்க வேண்டும். டார்ச், ரேடியோ, கால்குலேட்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், சார்ஜர். என்ன சார்ஜர், எதற்குச் சார்ஜர் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். மலிவாகக் கிடைத்துவிட்டால் போதும், தேவை தானாக வந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஸ்டேஷன் ரோட்டில் பாய் கடை இருந்தது. பழவேற்காட்டிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். தாத்தா காலத்தில் ஜவுளி, அப்பா காலத்தில் குடை, இவர் காலத்தில் ரேடியோவும் வாக்மேனும். இத்தனை தலைமுறை வியாபார அனுபவமும் நைனா முன்னால் செல்லுபடியாகாமல் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பாய், இந்த எமர்ஜென்சி லைட்டு இன்னா?"

"முன்னூத்தி இருவது."

"டப்பா இல்லாம இன்னா வெல?"

"டப்பா இல்லாம எப்பிடிப்பா குடுக்கறது?"

"டப்பாவ நீயே வெச்சிக்க பாய். நான் ஊட்ல லைட்ட எரிக்கப் போறனா, டப்பாவ எரிக்கப் போறனா? டப்பாவுக்கு இருவது கழி. உள்ள தெர்மாகோல் கீது பாரு, அதுக்கு ஒரு பத்து. இந்த இங்கிலீஷ் புக்கு எனக்குப் படிக்க வராது. அதுக்கு ஒரு பத்து."

"அப்பிடியே லைட்டையும் வெச்சிட்டுப் போயிடு நைனா. கணக்கு முழுசா கழிஞ்சிடும்" என்றார் பாய்.

ஒரு மணி நேரம் கழித்து நைனா டப்பா இல்லாத விளக்கோடு வெளியே வந்தார். பாய் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். போகிறவரைக் கூப்பிட்டு, "டெஸ்டிங் வாரண்டிதான், சொல்லிட்டேன். இங்க எரிஞ்சிதா, அதோட முடிஞ்சிது. படி எறங்கிட்டா என்னிய வந்து கேக்கக் கூடாது" என்றார். அந்த நாளில் எல்லாச் சின்னக் கடைகளிலும் இதே சட்டம்தான். கடையில் போட்டுப் பார்க்கும்வரைக்கும் பொறுப்பு கடைக்காரருடையது, அப்புறம் உங்கள் தலையெழுத்து.

எட்டு மாதம் கழித்து நைனா அதே விளக்கைக் கொண்டு போய்ப் பாய் முன்னால் வைத்தார்.

"எரியல பாய்."

"டெஸ்டிங் வாரண்டின்னு சொன்னேனே?"

"ஆமா. டெஸ்டிங் முடிஞ்சிதுன்னு நான் எப்பனா சொன்னனா?"

"எட்டு மாசமாவாய்யா டெஸ்டிங்கு?"

"இது எமர்ஜென்சி லைட்டு பாய். எமர்ஜென்சி வந்தாத்தான டெஸ்ட் பண்ண முடியும்?"

பாய் எழுந்து பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். மறுவாரம் கடையில் ஒரு புது அட்டை தொங்கியது. 'டெஸ்டிங் ஐந்து நிமிடம் மட்டும்.' மரியாதை கருதி அதில் நைனாவின் பெயரைப் போடவில்லை.

ஒரு காது மட்டும் கேட்கிற ஹெட்போன் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார். அடுத்த மாதம் இன்னொரு காது மட்டும் கேட்கிற ஹெட்போன் ஒன்று கிடைத்தது. இரண்டையும் ஒரே தலையில் மாட்டிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் வருவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ரயில்வேயிலிருந்து ஏதோ பரிசோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். ஏழு என்ற பட்டன் வேலை செய்யாத கால்குலேட்டர் ஒன்றும் வைத்திருந்தார். எழுபது வேண்டுமென்றால் அறுபதையும் பத்தையும் கூட்டிக்கொள்வார். மூளைக்கு வேலை கிடைக்கிறதாம்.

அவர் வீட்டில் பேசும் கடிகாரம் ஒன்று உண்டு. மணிக்கு ஒரு தரம் ஒரு பெண் குரல் நேரம் சொல்லும், சீன பாஷையில். அண்ணி, அதாவது நைனாவின் மனைவி, இதைப் பற்றி என்னிடம் ஒரு தடவை வாய்விட்டுப் புலம்பினார். "காலைல ஆறு மணிக்கு அந்தப் பொண்ணு கத்தறது மட்டும் எனக்குப் புரியும்ப்பா, அப்பதான் பால்காரன் வருவான். மத்ததுக்கெல்லாம் பக்கத்து ஊட்ல போயி மணி கேக்கறேன். ஊட்ல ஒம்போது டார்ச் லைட்டு கீது. கரண்ட் போனா அத தேடறதுக்கு மெழுகுவத்தி கொளுத்திக்கினு சுத்தறேன்."

இதையெல்லாம் கைகொட்டிச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒருநாள் நானாகவே போய் நைனாவிடம் மாட்டிக்கொண்டேன்.

என் காண்ட்ராக்ட் மார்ச் கடைசியோடு முடிவதாக இருந்தது. அதே சமயம் மாடியில் டிசைன் செக்‌ஷனில் ஒரு இடம் காலியானது. நிரந்தர வேலை. கம்ப்யூட்டரில் படம் வரைகிற 'கேட்' தெரிந்திருக்க வேண்டும், பரீட்சை வைப்பார்கள். தேறினால் மாடி. தேறாவிட்டால் ஆர்.கே.பேட்டையில் என் மாமாவின் உரக்கடை. மாமா ரொம்ப நம்பிக்கையோடு யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார். கேட் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "இன்னாடா, வாட்ச்மேன் வேலைக்கா?" என்று கேட்டவர் அவர்.

சென்னைக்குப் போய் வகுப்பில் சேர ஷிப்ட் இடம் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒன்பதாயிரம் ரூபாய். புதுக் கம்ப்யூட்டர் அதைப் போல மூன்று மடங்கு. எடைமேடை ரூமில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். நைனா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தவுடனே நான் ஓடியிருக்க வேண்டும்.

"ஒம்போதாயிரத்துக்கு ரெண்டு கம்ப்யூட்டரு வாங்கலாம் நைனா. உனக்கு ஒண்ணு போதும்தான?"

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். யாரோ மூடிவிட்ட ஆபீஸிலிருந்து வந்த சிபியு ஒரு கடையில். பச்சையாகத் தெரிகிற மானிட்டர் ஒரு கடையில். "பச்ச கண்ணுக்கு நல்லது நைனா. டாக்டரே சொல்வாங்க" என்று எனக்குச் சமாதானம் சொல்லி, அதே பச்சையைக் காட்டிக் கடைக்காரரிடம் இருநூறு கழித்தார். கீபோர்டில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் எந்த நாட்டு எழுத்தென்று தெரியாத எழுத்துகள் இருந்தன. அதற்கும் கழித்தார். "அந்த எழுத்த நாங்க உபயோகிக்கப் போறதில்ல. அதுக்கு எதுக்கு டப்பு?"

மவுஸ் மட்டும் புத்தம் புதுசு. டப்பாவையும் பிளாஸ்டிக் உறையையும் கடையிலேயே விட்டுவிட்டு அறுபது ரூபாய்க்கு முடித்தார். அதற்கு முன்னால் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அதைச் சொருகி இரண்டு மணி நேரம் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "மவுஸு நல்லாத்தான் கீதுங்க. என் டேபிள்தான் தேஞ்சி போச்சு" என்றார் கடைக்காரர்.

என் ரூமுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினோம். மவுஸின் வாலில் இருந்தது உருண்டை பிளக். எங்கள் கம்ப்யூட்டர் பழைய காலத்து ஆசாமி. அதன் முதுகில் இருந்தது ஒன்பது ஊசி வைத்த நீட்டுச் சாக்கெட். எலி நன்றாக இருந்தது, நுழைய வளைதான் இல்லை. வேலை செய்கிறதா என்று இரண்டு மணி நேரம் சோதித்த மனிதர், பொருந்துமா என்று ஒரு நிமிஷம் பார்க்கவில்லை.

நைனா அசரவில்லை. உருண்டையை நீட்டாக மாற்றுகிற கன்வெர்ட்டர் ஒன்றைப் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்தார். சொருகினால் சொருகிக்கொண்டது. திரையில் அம்பு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. அடுத்த வாரம் இன்னொரு கன்வெர்ட்டர். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு, ஒன்றின் வாலில் ஒன்றாக. மவுஸ் நீளமாகிக்கொண்டே போனதே தவிர அம்பு நகரவில்லை.

பஜாரில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் கடையில் போய்க் கேட்டேன். "அந்த மாடல் நின்னு போச்சிங்க. மெட்ராஸ்ல எங்கனா பழைய ஸ்டாக்கு இருந்தா உண்டு" என்றார்கள். நைனா தேடிக் கண்டுபிடித்தார். சென்னையில் ஒரு சந்தில், பெரியவர் ஒருவர் கடையில், ஒரே ஒரு மவுஸ். விலை நானூற்றைம்பது.

"அறுவது ரூபா பொருளுக்கு நானூத்தம்பது கேக்கறாரு நைனா! இந்த மாடலு ஊர்லயே என்கிட்ட மட்டும்தான் கீதுன்றாரு."

"டப்பா இல்லாம கேட்டீங்களா?"

நைனா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வேதனை. "டப்பாவே கெடையாது. புக்கும் கெடையாது. வெறும் மவுஸு. அதுல நான் இன்னாத்த கழிக்கறது?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பெரியவரிடம் பேசிப் பார்த்தார். ஒரு ரூபாய் இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியான ஆளைச் சந்தித்திருந்தார் நைனா. நானே போய்க் கொடுத்து வாங்கிவிடுகிறேன், யாரிடமாவது கைமாற்று கேட்கிறேன் என்றதும் கோபம் வந்துவிட்டது. "நீ போயி அவரு கேட்ட வெலைய குடுத்தீன்னா, ஜென்மத்துக்கும் உன்னோட பேச மாட்டேன். எறங்குவாரு. பொறு."

பொறுத்தேன். வேறு வழியில்லாமல் கீபோர்டை வைத்தே கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். புத்தகமும் நைனா வாங்கித் தந்ததுதான், அட்டை கிழிந்ததால் கால் விலை. அதன் கடைசி அத்தியாயத்தில் எல்லாக் கட்டளைகளுக்கும் சுருக்கெழுத்து இருந்தது. கோடு வேண்டுமா, 'எல்' அடி. வட்டம் வேண்டுமா, 'சி' அடி. எங்கே ஆரம்பம், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், எல்லாவற்றையும் எண்ணாகத் தட்டு. கையால் இழுத்துப் போட முடியாததால் படத்தை முதலில் மண்டைக்குள் முழுதாக வரைய வேண்டியிருந்தது. மத்தியான ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால், தினமும் காலையில் மூன்று மணி நேரம். ரூமில் உடனிருந்தவர்கள், "இவன் படம் வரையறானா, தந்தி அடிக்கறானா?" என்று கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பரீட்சை நெருங்க நெருங்க, கண்ணை மூடினால் யூரியா மூட்டையும் ஸ்டூலும்தான் தெரிந்தன.

பரீட்சைக்கு முந்தைய நாள் எடைமேடையில் நைனா கவலையோடு கேட்டார். "நாளைக்கி மவுஸு இல்லாம எப்பிடி நைனா போவ?"

"பாத்துக்கலாம் நைனா" என்றேன். என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் எதைக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை எடைமேடையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். நைனா லீவாம். காய்ச்சலில்கூட லீவு போடாத மனிதர். ஒருநாள் சம்பளம் வெட்டு என்றால் அவருக்கு ஒரு ரேடியோ போன மாதிரி. என்னவோ ஏதோ என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பதினோரு மணிக்கு மாடிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு மவுஸ். இயந்திரத் தண்டைத் தாங்குகிற இரும்புக் கட்டை ஒன்றின் படத்தைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் வரைந்து அளவு போடச் சொன்னார்கள். முதல் தடவையாக வேலை செய்கிற மவுஸைக் கையில் பிடித்தேன். அம்பு வெருண்ட கோழி மாதிரி திரை முழுக்க ஓடியது. பிடித்து ஒரு மூலைக்குக் கொண்டு வந்தால் மறு மூலைக்குத் தாவியது. பத்து நிமிஷத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. பக்கத்திலிருந்தவர் அதற்குள் ஏழெட்டுக் கோடு போட்டிருந்தார்.

மவுஸைத் தள்ளி மானிட்டருக்குப் பின்னால் வைத்தேன். கீபோர்டை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. 'எல்', எண், எண். 'சி', எண், எண். நடுவில் யாரோ பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி அளவைப் போட்டு நிமிர்ந்தபோது ஐம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. பின்னால் நின்றவர் டிசைன் மேனேஜர்.

"மவுஸ் வேலை செய்யலையாப்பா?"

"செய்யுது சார்."

"அப்புறம் ஏன் தொடல?"

"பழக்கமில்ல சார்."

அவர் உட்கார்ந்து படத்தை ஒவ்வொரு அளவாகச் சரி பார்த்தார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. எந்த இன்ஸ்டிட்யூட்டில் படித்தாய் என்று கேட்டார். இன்ஸ்டிட்யூட் இல்லை சார், எங்கள் எடைமேடை நைனா என்றேன். அவருக்குப் புரியவில்லை. மற்ற மூவரும் முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். நால்வரின் படங்களையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து மாடிக்கு வந்துடு" என்றார்.

நான் மாடிப்படியில் இறங்கவில்லை, விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டுப் பக்கம் ஏதோ சத்தம். அங்கே நைனா செக்யூரிட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். லீவில் இருப்பவரை உள்ளே விட முடியாது என்கிறார் செக்யூரிட்டி. நைனாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். என்னைப் பார்த்ததும் கம்பி வழியாகக் கையை நீட்டினார்.

"நைனா, இந்தா, புடி. ஓடு. முடிஞ்சி போச்சா? எட்டு மணிலேர்ந்து அந்தக் கடை வாசல்ல குந்திக்கினு கீறேன். பத்து மணிக்குத்தான் தொறந்தாரு. நாஷ்டாகூட துன்ல. பத்தே முக்கா வண்டிய புடிச்சி வந்தேன். இவன் உள்ள வுட மாட்டேன்றான், பேஜாரு."

பொட்டலத்துக்குள் மவுஸ். ஒன்பது ஓட்டை வைத்த நீட்டுப் பிளக்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பரீட்சைக்கு நாம்தான் பேனா கொண்டு போகிறோம். அதுபோல மவுஸும் நாம்தான் கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கையில் மவுஸ் இல்லாமல் நான் உள்ளே போய் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன், தன்னால் என் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறார். கம்பெனி கம்ப்யூட்டரில் இருப்பது உருண்டைச் சாக்கெட் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"பாஸ் நைனா. ஒண்ணாந் தேதிலேர்ந்து மாடி."

"மவுஸு இல்லாமயா?"

"மவுஸ் இல்லாததாலதான்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். நைனா கம்பியைப் பிடித்தபடியே செக்யூரிட்டியிடம் திரும்பினார். "பாத்தியா நைனா? நான் வாங்கிக் குடுத்த அறுவது ரூபா மவுஸு! வேல செய்யாமயே வேல வாங்கிக் குடுத்துட்ச்சி!" செக்யூரிட்டி ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தார்.

வெளியே டீக்கடையில் அவருக்கு நான்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போதுதான் கேட்டேன், பெரியவர் கடைசியில் எவ்வளவுக்கு இறங்கினார் என்று. நைனா நிமிரவில்லை. இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எறங்கல. நானும் பேசல. பேசிக்கினு இருந்தா வண்டி போயிடும்ல."

டிசைன் செக்‌ஷனில் இருபது வருஷம் ஓடிவிட்டது. என் கல்யாணத்துக்கும், வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும், என் பெண் பிறந்தபோதும் யார் யாரோ என்னென்னவோ செய்தார்கள். எல்லோருக்கும் நன்றிக்கடன் இருக்கிறது. ஆனால் எனக்காகக் கேட்ட விலையை அப்படியே கொடுத்த ஒரே மனிதர் நைனாதான்.